பாய் விரித்த இடமே பிள்ளைகளின் காம்பரா

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலொன்றில், அம்பாறை மாவட்டம் பாலமுனையைச் சேர்ந்த கைப்பணிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவர் பேசிய நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

நான் கடற்கரைப் பக்கத்தைச் சேர்ந்தவள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் தாண்டியதும் பாலமுனை வரும். அதற்கடுத்தது அட்டாளைச்சேனை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். உங்களுக்கு மலையும் பனியும், எங்களுக்கு மணலும் வெயிலும். "இந்த அம்மாவுக்கு லயத்தப் பத்தி என்னா தெரியும்?" என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனாலும் சின்ன வீட்டில் நிறையப் பேர் இருப்பது எப்படி, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து பிள்ளையைப் பார்ப்பது எப்படி என்பது எங்களுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பேச வந்தேன்.

வீட்டில் கைவேலைக்கும் விளையாட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்குவது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். கூட்டம் தொடங்குமுன் ஒரு தாயிடம் இந்தத் தலைப்பைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எடமா? படுக்கவே எடமில்ல டீச்சர்" என்றார். அவர் சொன்னது உண்மை. லயக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் கட்டில், அலுமாரி, சாமிப்படம், டீவி, துணிமணி, ஆறேழு பேர். இதற்குள் பிள்ளைக்குத் தனி இடம் எங்கே என்பதுதான் கேள்வி. என் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

எங்கள் ஊர்ப் பாய்

எங்கள் கரையோர ஊர்களில் பெண்கள் பன் பாய் இழைப்பார்கள். பன் என்பது குளத்தோரத்திலும் சதுப்பிலும் வளரும் ஒரு வகைப் புல். அதை வெட்டி, வெயிலில் காயப்போட்டு, கட்டாகக் கட்டி வைப்பார்கள். சாயத்தைக் கொதிநீரில் கரைத்து, ஒரு பங்கு பன்னை அதில் போட்டுச் சிவப்பு, பச்சை, ஊதா என்று நிறமேற்றி எடுப்பார்கள். இழைக்குமுன் இலேசாகத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். காய்ந்த பன் மடங்காது, ஒடிந்துபோகும்.

இந்த வேலைக்கென்று தனி அறை கட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை. விறாந்தையில் ஒரு மூலைதான். உம்மம்மா காலை நீட்டி உட்கார்ந்து இழைப்பார். உம்மா பக்கத்திலிருந்து நீளம் பார்த்துப் பன் தெரிந்து கொடுப்பார். கழித்துப்போட்ட துண்டுப் பன்னை எடுத்துச் சின்னப் பிள்ளைகள் தாங்களும் சின்னப் பெட்டி, விசிறி என்று எதையாவது பின்னிக்கொண்டிருப்பார்கள். "இஞ்ச வா மகள், ரெண்டு எடு, ரெண்டு விடு" என்று உம்மம்மா சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் எண்ணப் பழகிவிடும். கையும் கண்ணும் வேலையில் இருக்கும்போது வாய் கதை சொல்லும். குடும்பத்துப் பழைய கதையெல்லாம் பிள்ளைகளுக்கு அந்த மூலையில்தான் கிடைத்தது. பின்னேரம் ஆனதும் பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்திவிடுவார்கள். பிறகு அதே இடத்தில் சோறு, இரவில் அதே இடத்தில் படுக்கை.

அம்மாமாரே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாயை விரித்தால் அது பிள்ளைகளின் இடம். சுருட்டினால் அது எல்லோருடைய இடம். இதற்குச் சுவரும் கதவும் தேவையில்லை. ஒரு பாயும், ஒரு பெட்டியும், ஒரு குறித்த நேரமும் போதும்.

பின்னர் பிளாஸ்டிக் பாய் வந்தது. மலிவானது, கழுவலாம், சுருட்டலாம். பன் பாய் வாங்குபவர்கள் குறைந்தார்கள். இழைப்பதை விட்ட வீடுகளில் அந்த மூலையும் இல்லாமல் போனது. பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வருமானம் போனதை எல்லோரும் பேசினார்கள். கூடி உட்காரும் வழக்கம் போனதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாய் இழைப்பது பிழைப்பும்தான். ஓர்டர் வந்துவிட்டால் பிள்ளையின் கையும் வேலைக்கு இழுக்கப்படும். துண்டுப் பன்னில் விசிறி பின்னுவது விளையாட்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாய் முடிப்பது கூலி வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. பிள்ளை தானாக வந்து உட்கார்ந்து, அலுத்ததும் எழுந்து போக முடிந்தால் அது கைவேலை. எழுந்து போக முடியாவிட்டால் அது வேலை வாங்குவது. நீங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் இந்தக் கோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் போன பிறகு

கல்முனைக்கு வடக்கே மருதமுனை என்ற ஊர் கைத்தறிக்குப் பெயர் பெற்றது. அங்கே வீட்டோடு தறி வைத்து நெய்வார்கள். ஒருவர் தறியில் இருக்க, மற்றவர் இராட்டையில் நூல் சுற்ற, வீடே சேர்ந்து வேலை செய்யும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரம் பேருக்கு மேல். மருதமுனையில் வீடும் போனது, தறியும் போனது.

மிஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் இருந்து, பிறகு தற்காலிக வீடுகளுக்குப் போனார்கள். அந்த வீட்டின் அளவு ஏறத்தாழ 200 சதுர அடி. உங்கள் காம்பரா 120 சதுர அடி. ஆகவே அந்த நெருக்கடி என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முகாம்களில் உதவிக்கு வந்தவர்கள் ஆரம்பத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று, பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியது. தரையில் ஒரு விரிப்பு, பந்து, கயிறு, கலர் பென்சில், தாள். "சோத்துக்கே வழியில்ல, இதுல வெளயாட்டா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் வாய் திறக்காமல் இருந்த பிள்ளைகள் அங்கேதான் படம் வரைந்தார்கள். பலர் கடலையே வரைந்தார்கள். வரைந்த பிறகுதான் பேசத் தொடங்கினார்கள். அந்த விரிப்பு இல்லாவிட்டால் அந்தப் பயம் எத்தனை வருடம் உள்ளே கிடந்திருக்குமோ!

மலைநாட்டிலும் இப்படித் துயரம் நடந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. தப்பிய குடும்பங்கள் நீண்ட காலம் தேயிலை ஸ்டோர் கட்டிடத்தில் இருந்தன. விளையாட்டென்பது வசதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளும் காரியமல்ல. வசதி இல்லாத இடத்தில்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இது நான் மட்டும் சொல்வதும் அல்ல. 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது. அதில் லயத்துப் பிள்ளை, பங்களாப் பிள்ளை என்ற பிரிவினை கிடையாது.

லயத்தில் எங்கே?

இனி வேலைக்கு வருவோம். நாலடிக்கு ஆறடிப் பாய் ஒன்றை விரித்தால் 24 சதுர அடி. காம்பராவில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் நாள் முழுக்க அல்ல, அரை மணி நேரம், ஒரு மணி நேரம்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் இஸ்தோப்பு. வெளிச்சமும் காற்றும் அங்கேதான். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் வந்து சேரலாம். சாரல் அடிக்கும் பக்கமாக ஒரு படங்கைக் கட்டித் தொங்கவிடலாம். இஸ்தோப்பை மறித்து அறையாக்கியிருந்தால், வாசல் அல்லது ஜன்னல் பக்கமாக விரியுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம். புகை பிள்ளையின் நெஞ்சுக்கும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது. சீமெந்துத் தரை குளிரும். ஆகவே பாய்க்கடியில் அரிசிச் சாக்கைப் பிரித்துப் போடுங்கள். மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுதிரி இரண்டையும் பாயின் மேல் வைக்கவே கூடாது.

சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் புது வீட்டுக்குப் போனவுடன் முதலில் வருவது செட்டியும் ஷோகேஸும். இரண்டும் வந்த பிறகு பிள்ளைக்கு இடம் தேடினால் கிடைக்காது. சாமான் வருமுன்னே ஒரு மூலையைக் காட்டி, "இது ஒங்களோடது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்குள் என்ன?

இரண்டு பெட்டி வேண்டும். ஒன்று பெரிய பிஸ்கட் டின். அதில் ஊசி, நூல், பட்டன், கத்தரிக்கோல். இது உயரத்தில், ஆணியில் தொங்கும் பைக்குள் இருக்கட்டும். பெரியவர் யாராவது இருக்கும்போது மட்டும் இறங்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் பட்டனும் புளியங்கொட்டையும் தரையில் கிடக்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிராபத்து. மற்றது காட்போட் பெட்டி. அதில் துணித் துண்டு, பழைய கொப்பி அட்டை, கடதாசி, கிரேயோன், பைனஸ் காய், கவ்வாத்து மிலாறு. இதைப் பிள்ளைகள் நினைத்த நேரத்தில் எடுக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மருந்து கான், களைநாசினிப் போத்தல், அவை வந்த பை, மூடி, எதையும் பெட்டிக்குள் சேர்க்க வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். அந்தப் போத்தலில் வண்டிச் சில்லு செய்யும் பிள்ளை, பிறகு அதே கையால்தான் ரொட்டி சாப்பிடும்.

பசை கடையில் வாங்கத் தேவையில்லை. ரொட்டி மாவில் இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டினால் கடதாசி ஒட்டும் பசை கிடைக்கும். கிழிந்த சேலையை நீளப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று பட்டையைச் சடை பின்னுவது போல் பின்னி, வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைத்தால் உட்காரும் விரிப்பு. அம்மாயியின் சேலையில் பேத்தி உட்காரலாம். இந்தியாவில் அர்விந்த் குப்தா என்பவர் 1970களின் கடைசியில் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானக் கற்பித்தலில் சேர்ந்தார். சைக்கிள் வால்வ் டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம், பெட்டி, வீடு, கூடாரம் என்று பிள்ளைகளைச் செய்ய வைத்தார். கழிவுப் பொருளில் விளையாட்டுச் சாமான் செய்து பெயர் பெற்ற அவருக்கு 2018இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. நீங்கள் செய்யும்போது தீக்குச்சியின் மருந்து முனையை முதலில் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

"எங்களுக்குக் கைவேல தெரியாது" என்று சொல்லாதீர்கள். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கிரீடம் கட்டுபவர் யார்? அர்ச்சுனன் தபசுக்கும் பொன்னர் சங்கருக்கும் உடுப்பும் சாமானும் தயார் செய்பவர் யார்? தேருக்குச் சோடனை செய்வது யார்? தப்பைச் சூடு காட்டிப் பதம் பார்ப்பது யார்? உங்கள் அப்பாமார், மாமாமார், தாத்தாமார்தான். அந்தக் கிரீடத்தைக் கூத்துக்கு முதல் நாள் அவசரத்தில் ஒட்டாமல், ஒரு மாதத்துக்கு முன்னமே வீட்டுப் பாயில் பிள்ளையோடு உட்கார்ந்து செய்தால், அடுத்த தலைமுறைக்கும் கிரீடம் கட்டத் தெரியும்.

சாமான் வாங்காத விளையாட்டு

நீங்கள் அஞ்சாங்கல் என்பதை நாங்கள் கொக்கான் வெட்டுவது என்போம். கல் ஒன்றுதான். தாயத்துக்கு அட்டையில் கட்டம் கீறினால் போதும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளையாக்கினால் உருட்டுவதற்குக் காய். பல்லாங்குழிக்குப் பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டை இருக்கிறது. குழி 14, குழிக்கு ஐந்து வீதம் கொட்டை 70. சின்னப் பிள்ளை ஒரு வாரம் விளையாடினால் ஐந்தாம் வாய்ப்பாடு தானாக வரும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஆடுபுலி ஆட்டம். புலி மூன்று, ஆடு பதினைந்து. தனியாகப் போகும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். ஆடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சேர்ந்து நின்றால் புலிக்கு நகர வழியில்லை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விளையாட்டின் அர்த்தத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரம் போர்ட் இருந்தால் விளையாடி முடிந்ததும் சுவரில் மாட்டுங்கள். கட்டிலுக்கடியில் தள்ளினால் ஈரம் பிடித்துப் பலகை வளைந்துவிடும்.

அடுத்தது போன். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியபோது படிப்புக்கென்று கஷ்டப்பட்டுப் போன் வாங்கிய வீடுகள் நிறைய. படிப்பு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. போன் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் போனும் டீவியும் காட்டவே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கினால் அது அழும். பிடுங்கிய கையில் கொடுக்க வேறொன்று இருக்க வேண்டும். அந்த வேறொன்றுதான் இந்தப் பெட்டி.

பாயின் சட்டங்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனாலும் நாலு சட்டத்தை நான் எல்லா இடத்திலும் சொல்வேன்.

முதலாவது, நேரம் குறித்ததாக இருக்கட்டும். தினமும் முடியாவிட்டால் கிழமைக்கு மூன்று நாள். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை கட்டாயம்.

இரண்டாவது, எடுத்த சாமானை எடுத்தவரே பெட்டிக்குள் வைக்க வேண்டும். பாயைச் சுருட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. அந்த வேலையையும் அம்மாவின் தலையில் போடக் கூடாது.

மூன்றாவது, பொம்பிளைப் பிள்ளைக்கும் சமபங்கு. தம்பி தாயம் உருட்ட, அக்கா மட்டும் தம்பியின் தட்டைக் கழுவுவது எங்கள் ஊரிலும் நடக்கிறது, இங்கேயும் நடக்கிறது. அரை மணி நேரம் அவளும் பிள்ளையாக இருக்கட்டும். தட்டைப் பிறகு இருவரும் சேர்ந்து கழுவலாம்.

நாலாவது, குடித்துவிட்டு அந்தப் பாயில் யாரும் உட்காரக் கூடாது. வீட்டில் ஒரு நாலடிக்கு ஆறடியாவது சண்டையும் ஏச்சும் வராத இடமாக இருக்க வேண்டும்.

அப்பாமாருக்கு ஒரு வார்த்தை

அம்மாமார் விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டு, மலைக்கு ஏறி, கொழுந்து நிறுத்து, இறங்கி வந்து, தண்ணீரெடுத்து மறுபடி அடுப்புக்குப் போகிறார்கள். "பிள்ளையோடு விளையாடு" என்பதை அவர்களுக்கு இன்னொரு பேராகப் போட நான் வரவில்லை. ஆகவே அப்பாமாரே, அம்மா ரொட்டி தட்டும் அந்த அரை மணி நேரம் பாய் உங்களுடையது. நீங்கள் ஆசிரியராக இருக்கத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மிலாற்றுக் குச்சியைச் சீவிக்கொண்டிருந்தாலே போதும். பிள்ளை தானாக வந்து, "அப்பா, இது என்னா செய்றீங்க?" என்று கேட்கும். மற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரும். வேலைக்கு முடியாமல் வீட்டிலிருக்கும் அப்பாயி, தாத்தாமாரையும் பாய்க்குக் கூப்பிடுங்கள். "எனக்கென்ன தெரியும்" என்பார்கள். அவர்களுக்குத்தான் கதையும் தெரியும், தாயமும் தெரியும்.

பதினாலு, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக்குக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகளைப் பற்றி நீங்கள் என்னிடம் கவலையோடு சொன்னீர்கள். அதற்குக் கஷ்டம், கடன், படிப்பு என்று பல காரணங்கள் உண்டு. ஒரு பாய் அவற்றையெல்லாம் தீர்த்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பழகிய பிள்ளை, ஒரு முடிவெடுக்குமுன் வீட்டில் வாய் திறந்து பேசும். பேசினால்தான் நீங்கள் தடுக்கலாம், யோசனை சொல்லலாம். பழக்கமில்லாத வீட்டில் பிள்ளை பஸ் ஏறிய பிறகுதான் விஷயம் தெரியவரும்.

ஆகவே இந்த வாரம் செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒரு பாயைத் தேடுங்கள். ஒரு டின்னையும் ஒரு காட்போட் பெட்டியையும் எடுத்து வையுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று பிள்ளைகளையே கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் நாள் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், கொட்டையை எறிவார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாள் நீங்கள் விரிக்க மறந்தால், அவர்களே பாயை இழுத்துக்கொண்டு வருவார்கள்.